கையில் எட்டு ஆட்டின்

அம்பர்நாத்தில் குடியிருப்பதில் ஒரு லாபம் உண்டு. இங்கிருந்தே கிளம்பும் லோக்கலில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். சிஎஸ்எம்டி வரைக்கும் சுமார் 60 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். அதற்குள் ஒரு கோஷ்டி பஜனை பாடும், ஒரு கோஷ்டி தூங்கும், ஒரு கோஷ்டி மடியில் பிரீஃப்கேஸைப் போட்டுச் சீட்டு ஆடும். மராத்திக்காரர்களுக்கு மெண்டிகோட். நான் போய் மாட்டிக்கொண்டது பிரிட்ஜ் கோஷ்டியில் :-)

சேர்த்துவிட்டவர் அண்ணாச்சி. நம்ம நெல்லைக்காரர், எனக்கு இருபது வயசு மூத்தவர். ஊரில் 28 ஆடியிருக்கிறேன், துருப்பு தெரியும், ஏலம் கேட்கத் தெரியும், இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். ஒரு நாள் இந்தக் கை வந்தது. ஆட்டினில் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 9, 7, 4, 2. ஆக எட்டுச் சீட்டு. மிச்சம் ஐந்தும் குப்பை: ஸ்பேடில் ஒன்று, டைமனில் இரண்டு, கிளாவரில் இரண்டு.

பலமில்லாத கையாச்சே என்று பயந்து 'ஒரு ஆட்டின்' என்று ஆரம்பித்தேன். எதிராளி நிதானமாக 'ஒரு ஸ்பேட்' என்றார். அவர் கூட்டாளி ஆமோதித்தார். நான் சுதாரித்து 'நாலு ஆட்டின்' என்பதற்குள் அவர்களுக்குத் தங்கள் பலம் தெரிந்துவிட்டது. நாலு ஸ்பேட் கேட்டார்கள், எடுத்தார்கள். என் எட்டு ஆட்டினும் அவர்கள் துருப்புக்கு இரையானது. டோம்பிவிலி வந்தபோது அண்ணாச்சி சொன்னார்:

"தம்பி, நாலுன்னு கேக்க வேண்டிய கையை வச்சிக்கிட்டு ஒண்ணுன்னு கேக்கீகளே. பொறவு நாலு கேட்டா அதுக்குப் பேரு ஏலம் இல்ல, பொலம்பல்."

அவர் சொன்னதற்குப் பின்னால் நூறு வருஷ வரலாறு இருக்கிறது என்று அப்புறம்தான் தேடித் தெரிந்துகொண்டேன்.

பிரிட்ஜின் முன்னோர் ஆக்‌ஷன் பிரிட்ஜ். ஆளுக்கொரு சீட்டாக நாலு விழுந்தால் ஒரு ட்ரிக். அந்த ஆட்டத்தில் நீங்கள் குறைவாகக் கேட்டுவிட்டு அதிகம் எடுத்தாலும், எடுத்தது எல்லாம் கேமுக்குச் சேரும். 1925 அக்டோபர் கடைசியில் ஹரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர், பனாமா கால்வாய் வழியாக ஹவானா போன ஃபின்லாந்து என்ற கப்பலில், நண்பர்களோடு புதுக் கணக்கு ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். கேட்டதற்கு மட்டுமே கேம் மதிப்பு. ஒரு கேம் ஜெயித்த ஜோடிக்கு அபராதமும் பரிசும் கூடுதல். அந்த நிலைக்கு 'வல்னரபிள்' என்று பேர் வைத்தது கப்பலில் கூட வந்த ஒரு இளம்பெண் என்பார்கள். இதுதான் இன்றைய கான்ட்ராக்ட் பிரிட்ஜ்.

இந்த ஒரு மாற்றத்தால் ஏலத்தில் உள்ள படிகளே சொத்தாகிவிட்டன. ஒரு ஜோடி தன் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகப் பேச வேண்டும். அந்தப் படிகளை நீங்கள் முதலிலேயே பிடுங்கிவிட்டால்? அவர்கள் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

எவ்வளவு உயரம் தாவலாம் என்பதற்கு எலி கல்பர்ட்சன் ஒரு அளவு வைத்தார். 1930-ல் வந்த அவருடைய 'புளூ புக்' வழியாக ஏலமுறை வீடு வீடாகப் போன காலம் அது. வல்னரபிள் என்றால் கையில் இருக்கும் ட்ரிக்குக்கு மேல் 2, இல்லையென்றால் 3 கூடக் கேட்கலாம். எதிராளி டபுள் சொல்லி நாம் தோற்றாலும் இரண்டு வகையிலும் நஷ்டம் 500-தான். வல்னரபிள் எதிராளி நாலு ஸ்பேட் எடுத்தால் இன்றைய டூப்ளிகேட் கணக்கில் 620. ஆக 500 கொடுத்து 620-ஐத் தடுப்பது லாபம்!

என் கைக்கு வருவோம். ஆட்டினில் ஏஸ் ஒன்றுதான் போகும், 7 ட்ரிக் நிச்சயம். அன்று நாங்கள் வல்னரபிள் இல்லை. 7-ம் 3-ம் 10. பத்து ட்ரிக் என்றால் நாலு ஆட்டின். எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம் கையைக் கூட்டாளிக்குச் சொல்லியாச்சு, இனி முடிவு அவருடையது.

நீளமான கை எல்லாம் ஒன்றல்ல. வெளியே ஏஸ், ராஜா என்று பலமும் இருந்தால் ஒன்றிலிருந்தே ஆரம்பிப்பது நல்லது. ஸ்லாம் தவறிவிடக்கூடாது அல்லவா? டைமனிலோ கிளாவரிலோ ஏஸ் முதல் ஓட்டையில்லாத 7 சீட்டு, வெளியே ஒன்றுமில்லை என்றால் 'மூணு நோ டிரம்ப்' என்று சூதாடிப் பார்ப்பவர்களும் உண்டு. இந்த ஏலத்துக்குப் பேரே கேம்ப்ளிங்தான்! சாம் ஸ்டேமன் ஆட்டின், ஸ்பேட் இரண்டுக்கும் நாலாம் படியைப் பலமான கை, பலமில்லாத கை என்று பிரிக்க ஒரு வழி சொன்னார். பலமான ஆட்டினுக்கு நாலு கிளாவர், பலமான ஸ்பேடுக்கு நாலு டைமன். அதற்குத் தன் பேரையே திருப்பிப் போட்டு 'நம்யாட்ஸ்' என்று வைத்தார்.

இதற்கெல்லாம் இத்தனை மூளை செலவழிக்க வேண்டுமா என்றால், 7 சீட்டுக் கை சுமார் 28 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். எட்டு, 214-க்கு ஒருமுறை. ஒன்பது, 2,700-க்கு ஒருமுறை. பதிமூன்றும் ஒரே ரகம் வர 15,875 கோடியில் ஒரு வாய்ப்பு. எட்டு வரும்போது தயாராக இல்லாவிட்டால் அடுத்த எட்டு வர மாசக்கணக்கில் லோக்கலில் போக வேண்டும்.

ஆட்டம் சரி. ஆனால் ஊரில் அப்பாவுக்கு, சீட்டுக்கட்டு என்றாலே சூது. அதனால் இந்த விஷயத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. "ட்ரெயின்ல என்னடா பண்ணுவ?" என்பார். "புக்கு படிப்பேன்பா." வருஷக்கணக்கில் இதே பதில். 1967-ல் ரம்மி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெருமளவு திறமை ஆட்டம்தான், அதில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் பிரிப்பதில் உள்ளது போன்றதே என்று சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதல்முறையாகச் சேர்ந்தது. கொல்கத்தாவின் பிரணாப் பர்தன் (60), ஷிப்நாத் சர்க்கார் (56) ஜோடி தங்கம் வாங்கியது. நம்ம மும்பையின் ஜக்கி சிவதசானி ஆண்கள் அணியிலும், ஹேமா தியோரா கலப்பு அணியிலும் வெண்கலம். அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா, நான் பத்து வருஷமா ட்ரெயின்ல சீட்டு ஆடுதேன். இன்னிக்கு அதே ஆட்டத்துல இந்தியாவுக்குத் தங்கம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சி பாடம்.

"காசு வச்சா?"

"இல்லப்பா."

"பொறவு என்னத்துக்குடா புக்கு படிக்கேன்னு சொன்ன?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பா அலமாரியிலிருந்து ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்து வைத்தார். டைமன் ராணியைக் காணோம். அதற்குப் பதில் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிச் சொருகியிருந்தது. வருஷக்கணக்கில் ஆடிய கட்டு. அவரும் யாரிடமோ 'ஒன்று' என்றே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் போல :-)