கூடப் போக ஒரு ஆள்

மட்டக்களப்புப் பெரியகல்லாற்றில் குடும்பநல மருத்துவமாதாக வேலை செய்தவள் நான். பிரசவம், தடுப்பூசி, குழந்தை நிறுக்கிறது என்று வீடு வீடாகப் போகிறவளுக்குப் பதிவேட்டில் எழுத இடமில்லாத விசயங்களும் வந்து சேரும். ஒரு பெண்பிள்ளைக்கு அநியாயம் நடந்துவிட்டால், அந்தக் காலத்துத் தாய்மார் முதலில் கிணற்றடிக்குத்தான் கூட்டிப் போவார்கள். தலைக்கு வார்த்து, உடுத்திருந்ததை அடுப்பில் வைத்துவிடுவார்கள். "ஊருக்குத் தெரிஞ்சா இவளை ஆர் கட்டுவான் மிஸ்ஸி?" என்பார்கள். பிறகு குடிப் பெரியவர்கள் கூடுவார்கள். செய்தவனுக்கே கட்டிவைக்கிற பேச்சு வரும். மட்டக்களப்பில் வீடுவளவு மகளுக்குத்தானே போகும்? ஆக, கெடுத்தவனுக்கு வீடும் சேர்ந்து கிடைத்தது. இதை நியாயம் என்று தீர்த்தவர்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

சட்டமும் பெரிதாகத் துணைக்கு வரவில்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை சம்மத வயதை 12 என்று வைத்திருந்தது. 1995இல்தான் அதை 16 ஆக்கினார்கள். உடம்பில் காயமில்லை என்பதற்காக அவள் சம்மதித்தாள் என்று கொள்ள முடியாது, பாதிக்கப்பட்டவளின் பெயரை வெளியிட்டால் குற்றம் என்பதெல்லாம் அப்போது வந்தவைதான். கட்டின புருசன் மட்டும் அந்தத் திருத்தத்திலும் தப்பிக்கொண்டான்.

ஆனால் கொழும்பில் திருத்திய சட்டத்தை இங்கே எந்த வாசலில் போய்க் கேட்பது? 1990 ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்கிய பிறகு, காணாமல்போன பிள்ளையைத் தேடித்தான் எங்கள் பெண்கள் பொலிசுக்குப் போனார்கள். 1996இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில், சோதனை எழுதிவிட்டு வந்த மாணவிக்கு நடந்ததற்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 1998இல் படையினருக்கு மரண தண்டனை கொடுத்தது. அதற்கு அவளும், தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் சாக வேண்டியிருந்தது.

மாற்றம் பெண்களிடமிருந்து வந்தது. இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களில் இருந்தவர்களோடு 1991இல் வேலை தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது. சுனாமியில் எங்கள் கரை அழிந்து சனம் முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்தபோது, இருட்டு மலசலகூடத்துக்குப் போகும் பெண்களின் பயத்தை மாவட்டத்துப் பெண்கள் அமைப்பினர் ஒன்றுசேர்ந்து அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார்கள்.

இப்போது என்னிடம் வந்து கேட்டால் நான் சொல்வது இதுதான்: குளிக்க வேண்டாம். உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீன் வேண்டாம், ஈரத்தில் தடயம் அழுகிவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பொலிசுக்குப் போய்விட்டுத்தான் வரவேண்டும் என்றில்லை. சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சுணங்குகிறதோ அவ்வளவு பலன் குறையும். ஏற்கெனவே குளித்துவிட்டாள் என்றாலும் போங்கள், மருந்து இருக்கிறது. பல அரச ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' என்று தனி அறை உண்டு. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்று தொலைபேசி இலக்கங்களும் இருக்கின்றன.

சோதிக்கிறது வழக்குத்தான். மேல் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரவே வருசங்கள் போகும். தவணைக்குத் தவணை பஸ் காசு, இழந்த கூலி, "சமாதானமாப் போங்க" என்று வீட்டுக்கு வரும் மாமன்மார். பாதியில் விட்ட பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். எதிரியின் முகத்தைப் பாராமல் வேறிடத்திலிருந்து காணொளியில் சாட்சி சொல்ல 2015ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டமும் வந்தது. அப்படியொரு வசதி இருப்பதே எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. ஆகவே முதல் தவணைக்கு முன்பே சட்டத்தரணியிடம் அதைக் கேட்கச் சொல்லி அனுப்புகிறேன். கூச்சமென்றால் நானும் வருகிறேன் என்கிறேன்.