ஆடை மேடையேறியது, ஆடினவங்க?

பர்ஸிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 2011இல் மத்திய வங்கி வெளியிட்ட வரிசை என்றால், 20 ரூபாவிலிருந்து 5000 ரூபா வரை எல்லாவற்றிலும் ஒரு நடனக்காரரும் ஒரு மேளக்காரரும் இருப்பார்கள். இலங்கை என்று சொல்லி எதையாவது காட்ட வேண்டி வந்தால் கண்டி நடனக்காரரின் வெள்ளித் தலையணியைத்தான் காட்டுகிறோம். உலகத்துக்கு பலே நடனம் என்றதும் விரிந்து நிற்கிற அந்தக் குட்டைப் பாவாடை, அதாவது டுட்டு, ஞாபகம் வருகிற மாதிரி.

இந்த இரண்டு உடைகளின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் எங்களுக்கு உறுத்தியது. உடைக்குக் கிடைத்த மரியாதை, அதைப் போட்டு ஆடினவர்களுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை.

பாவாடையும் நெருப்பும்

முதலில் பாரிஸ். 1832 மார்ச்சில் பாரிஸ் ஒபேராவில் ‘லா சில்ஃபீட்’ என்ற பலே மேடையேறியது. அதில் காற்றுத் தேவதையாக வந்தவர் மரி தாலியோனி. மெல்லிய வெள்ளை மஸ்லினில் மணி மாதிரி விரிந்த பாவாடை போட்டிருந்தார். அது கணுக்காலுக்கு மேலேயே நின்றது. கால் விரல் நுனியில் நிற்கிற வித்தை சபைக்குத் தெரிய வேண்டுமே! டுட்டுவின் கதையை இங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அரை நூற்றாண்டு போனதும், இத்தாலிய ஆட்டக்காரிகள் கொண்டுவந்த வேகமான சுழற்சிகளும் கால் வேலைகளும் தெரிவதற்காகப் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியது. டுட்டு என்ற பெயரே, பின்பக்கத்தைக் குறிக்கிற ஒரு பிரெஞ்சுக் குழந்தைச் சொல்லிலிருந்து வந்தது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

பார்க்கத் தேவதை உடுப்பு. ஆனால் மேடையில் எரிந்தது காஸ் விளக்கு. 1862 நவம்பரில் ஒத்திகை நேரம் எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக்காரியின் பாவாடையில் நெருப்புப் பிடித்தது. எட்டு மாதம் வேதனைப்பட்டு, 20 வயதில் இறந்துபோனார். நெருப்புப் பிடிக்காமல் இருக்கத் துணியை மருந்தில் நனைக்கிற முறை அப்போதே இருந்தது. நனைத்தால் துணி விறைத்துப் போகும், வெண்மை மங்கும் என்று ஆட்டக்காரிகள் வேண்டாம் என்றார்கள். லிவ்ரியும் அப்படித்தான். அழகாகத் தெரிவதுதான் அவர்களுடைய பிழைப்பு. அந்த நிலைமையில் அவர்கள் சொன்ன ‘வேண்டாம்’ எவ்வளவு தூரம் அவர்களுடைய சொந்த முடிவு?

ஒபேராவில் ஆடப் பழகிய சின்னப் பிள்ளைகளைக் ‘குட்டி எலிகள்’ என்று கூப்பிட்டார்கள். நிறையப் பேர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு மேடைக்குப் பின்னால் போய் அவர்களைச் சந்திக்க அனுமதி இருந்தது. 1881இல் எட்கார் தெகா பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தியை மெழுகில் வடித்து, உண்மையான துணிப் பாவாடை கட்டிவிட்டுக் காட்சிக்கு வைத்தார். அந்தச் சிலையை இன்றைக்கு உலகமே கொண்டாடுகிறது. அதற்காக நின்ற பிள்ளை மரி வான் கொத்தம், துணி வெளுக்கிற ஒரு அம்மாவின் மகள். அடுத்த வருசமே ஒபேரா அவளை வேலையிலிருந்து நீக்கியது.

கடவுளின் உடுப்பு, பெரவாவின் உடம்பு

இப்போது நம்ம கண்டிக்கு வருவோம். கண்டி நடனத்தின் உச்ச உடை ‘வெஸ்’. நெற்றிக்கு மேலே அரசிலை வடிவத் தகடுகள் ஆடுகிற வெள்ளித் தலையணி, தோளுக்குத் தோள்தகடு, வெற்று மார்பின் மேலே மணிகள் கோத்த வலை, இடுப்பில் அடுக்கடுக்காக வெள்ளைத் துணி, காலில் சிலம்பு. சிங்களத்திலும் அது ‘சிலம்பு’தான். மொத்தம் 64 ஆபரணங்கள் என்று எண்ணுவது வழக்கம்.

இது மேடைக்காகச் செய்த உடுப்பே இல்லை. கொஹொம்ப கங்காரிய என்ற, இரவிரவாக நடக்கிற சடங்குக்கு உரியது. கொஹொம்ப என்றால் வேம்பு. குவேனியின் சாபத்தால் பண்டுவாசுதேவ ராஜாவுக்கு வந்த நோயைத் தீர்க்க, கடல் தாண்டி ஒரு ராஜாவை வரவழைத்து இந்தச் சடங்கைச் செய்தார்கள் என்பது ஐதீகம். வெஸ் தலையணி கொஹொம்ப தெய்வத்துக்கே சொந்தம் என்பது நம்பிக்கை. வருசக்கணக்காகப் பயின்ற ஒருவருக்கு, நல்ல நேரம் பார்த்து, குருதான் முதல் தடவை அதைத் தலையில் கட்டிவிடுவார். பெண்கள் அதைத் தொடுகிற பேச்சுக்கே மரபில் இடமில்லை.

அந்தத் தலையணியைப் பரம்பரையாகக் கட்டியவர்கள் பெரவா சாதியினர். மேளம் அடிப்பதும் ஆடுவதும் அவர்களுடைய இராஜகாரியம். கோயில் காணியில் பயிர் செய்துகொண்டு அதற்குப் பதிலாகச் சேவை செய்ய வேண்டும். சடங்கு நடக்கும்போது தெய்வத்தின் உடுப்பு. விடிந்து அதைக் கழற்றி வைத்ததும், ஊர் அவரைக் கீழ்ச்சாதி என்றுதான் நடத்தியது.

ஒரே நகரம், ஒரே பத்தாண்டு

இந்த இரண்டு கதைகளும் ஒரே ஊரில் பக்கத்தில் வந்து நின்ற காலம் ஒன்று உண்டு. 1880களில் கார்ல் ஹாகன்பெக் என்ற ஜெர்மன் மிருக வியாபாரி இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார். ஆட்டக்காரர்களும் அதில் இருந்தார்கள். பாரிஸில் அந்தக் காட்சி நடந்த இடம் ஒரு மிருகத் தோட்டம். தெகாவின் மெழுகுப் பிள்ளையைப் பார்த்து இரண்டு மூன்று வருசம்கூட ஆகாத அதே நகரத்து மக்கள், டிக்கட் வாங்கி நம்ம ஊர் ஆட்டக்காரரையும் பார்த்தார்கள். தங்களைப் பார்ப்பது யார் என்பதைத் தீர்மானிக்கிற உரிமை அந்தப் பிள்ளைக்கும் இல்லை, இவருக்கும் இல்லை.

பெண்கள் வந்தபோது

19ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையில் வெஸ் சடங்குக் களத்தை விட்டு வெளியே வந்து, கண்டிப் பெரஹெரவில் நடந்தது. பிறகு மேடை. 1930களில் மேட்டுக்குடிப் பெண்ணான மிரியம் பீரிஸ் கண்டி நடனம் ஆடினது பெரிய புதுமை. 1940களில் கொழும்பில் சித்ரசேன தன் நடனப் பள்ளியைத் தொடங்கினார். பலேயின் கதை சொல்லும் முறையை எடுத்து, கண்டி நடனத்தின் அடவுகளால் அவர் செய்த படைப்புகளுக்குச் சிங்களத்தில் ‘முத்ரா நாட்டிய’ என்று பெயர். அவற்றில் முக்கியமானது 1961இன் ‘கரதிய’. அவருடைய துணைவி வஜிராதான் கண்டி நடனத்தையே தொழிலாகக் கொண்ட முதல் பெண் என்று சொல்லப்படுபவர். பெண்ணுக்கு என்று தனி நடையையும் தனி உடையையும் அவர் உருவாக்கினார். தலையணி தடை என்றால் தலையணி இல்லாமல் ஆடுவோம் என்பதுதான் அதன் பொருள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கண்டி நடனம் பாடசாலைப் பாடமானது, தேசிய அடையாளமானது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றானது நல்ல விஷயம்தான். ஆனால் அதுவரை அதைக் காப்பாற்றிய பரம்பரைகளின் மேல் இருந்த சாதி இழிவு அதோடு சேர்ந்து அழிந்துவிடவில்லை.

நம்ம பக்கம்

இதை ‘அவங்க பிரச்சினை’ என்று நாங்கள் ஒதுக்கிவிட முடியாது. கண்டியில் நம்ம பிள்ளைகள் அரங்கேற்றத்துக்குப் போடுகிற, விசிறி மடிப்பு வைத்துத் தைத்த பரதநாட்டிய உடைக்கும் பலேயோடு ஒரு தொடர்பு இருக்கிறது. ருக்மிணி தேவி, அன்னா பாவ்லோவாவோடு பழகி, பலே கற்று, பிறகு சதிர் பக்கம் வந்தவர். 1935இல் அடையாறில் மேடையேறினார். தைத்த உடையைப் பரவலாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே காலத்தில் சதிரைத் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்த தேவதாசிக் குடும்பங்களுக்கு மேடை சுருங்கியது. 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதற்கு எதிரான சட்டம் வந்தது. அவர்கள் ஆடின ஆட்டம் மட்டும் வேறு வீடுகளில் ‘நல்ல குடும்பத்துப் பிள்ளை’ படிக்கிற கலையானது.

இன்னும் நோட்டில் ஏறாத உடை ஒன்று நம்மிடம் இருக்கிறது. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாசி, பங்குனியில் நடக்கிற காமன் கூத்தின் உடை. மன்மதனும் ரதியும் ஆண்கள்தான். மலையில் கொழுந்துக் கணக்குப் பார்க்கிறவரும் ஃபெக்டரியில் வேலை செய்கிறவரும் அன்றைக்கு இராத்திரி தெய்வம். இந்தக் கூத்தையும் இப்போது விழா மேடைகளுக்குக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். போகட்டும், சந்தோஷம். ஆனால் போவதற்கு முன்னாடி ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டினவர் யார், கிரீடம் செய்தது யார், பாட்டுச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார் என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு எழுதி வையுங்கள். இதற்கு ஒரு கொப்பியும் ஒரு பின்னேரமும் போதும்.