சொல்லாததற்கு ஒரு சொல்

பெண் பார்த்துவிட்டு எழுந்த மாப்பிள்ளை வீட்டார், வாசலில் செருப்பைத் தேடியபடி, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்" என்று சொல்லிப் போன காலம் ஒன்று இருந்தது. கடுதாசி வராது என்பது சொன்னவருக்கும் தெரியும், தலையாட்டிய பெண்ணின் அப்பாவுக்கும் தெரியும். உள்ளே பஜ்ஜித் தட்டை எடுத்து வைத்த பாட்டிக்கு அதற்கும் முன்பே தெரிந்திருக்கும். அந்தத் தொடரைப் பிரித்துப் பாருங்கள்: 'வேண்டாம்' என்பதற்கு ஓர் எழுத்துக்கூட இல்லை. எழுத்தில் இல்லாமல் எல்லாருக்கும் எட்டிவிடும் அந்தப் பொருளுக்குத் தமிழ் வைத்த பெயர் குறிப்பு.

அடி, குறி. அடையாளமும் குறி, வில்லாளி கண்வைக்கும் இலக்கும் குறி, கோடாங்கி வாயால் வருவதும் குறி. தெலுங்கிலும் கன்னடத்திலும் முதலெழுத்து சற்றே மெலிந்து ஒலிக்க இலக்கு என்ற பொருளிலேயே நிற்கிறது. மலையாளத்தில் நெற்றிப் பொட்டும் குறி, மாதாமாதம் பணம் கட்டும் சீட்டும் குறி. இந்த அடியோடு புகர விகுதி சேர, நடுவே பகரம் இரட்டிக்கிறது. அந்த 'ப்பு'வில் உதடு ஒரு நொடி மூடித் திறக்கிறதே, சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்ளும் ஒலி அதுதான் என்று எனக்கொரு கற்பனை. இலக்கணத்தில் அதற்கு இடமில்லை, இருந்தாலும் விடமாட்டேன்.

அகப்பொருளில் காதலர் சந்திக்கும் இடமே குறிதான்: பகற்குறி, இரவுக்குறி. இருட்டில் வந்து நிற்கும் தலைவன் தன் வரவை உணர்த்த ஏதாவது ஓசை எழுப்புவான். சில இரவுகளில் அவன் வராமலே ஒரு காய் தானாக நீரில் விழும், மரத்துப் பறவை தானாகக் கலையும். அவன்தான் என்று எழுந்து வந்து, ஆளைக் காணாமல் திரும்புவாள் தலைவி. அல்லகுறிப்படுதல் என்று அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. யாரும் சொல்லாததைக் கேட்டுவிடும் பிழைக்குக்கூடத் தனிச்சொல் வைத்தவர்கள் எவ்வளவு உன்னிப்பாகக் காது கொடுத்திருக்க வேண்டும்!

சொல்லின் பொருள் வெளிப்படத் தெரிவதும் உண்டு, குறிப்பில் தோன்றுவதும் உண்டு என்று பெயரியலில் வகுத்த தொல்காப்பியர், செய்யுளியலில் குறிப்புமொழிக்கு வரும்போது, அது எழுத்தோடும் சொல்லோடும் சேராமல் புறத்தே நிற்பது என்கிறார். நன்னூலார் கூடையை இன்னும் விரிக்கிறார்: அவையில் சொல்லக் கூசுவதைக் 'கால் கழுவி வந்தேன்' என்று மறைக்கும் இடக்கரடக்கலும், பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்னும் குழூஉக்குறியும் அவர் காட்டும் குறிப்புகளில் அடங்கும். 1967இல் ஆர்வர்டில் மெய்யியலாளர் பால் கிரைஸ் இதே பொருளைப் பேசினார். மெய்யியல் வேலைக்கு மாணவனைப் பற்றிக் கேட்டால், அவனுக்கு மொழியறிவு நன்று, வகுப்புக்கு ஒழுங்காக வந்தான் என்று மட்டும் ஆசிரியர் எழுதுகிற கடிதம் அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. நாம் முந்திக்கொண்டோம் என்று மார்தட்ட ஆசைதான். ஆனால் கேட்பவன் எந்த வழியில் எண்ணி அந்தப் பொருளுக்குப் போய்ச் சேர்கிறான் என்பது அவர் கேள்வி. பொருள் எங்கே தங்குகிறது என்பது நம்மவர் கேள்வி.

கேட்பவனை நாம் மறந்துவிடவுமில்லை. குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது: 71ஆம் அதிகாரத்தில் அரசவையில், 110இல் காதலில். குறிப்பறிவுறுத்தல், அதாவது உணர்த்துபவரின் வேலை, 128இல் ஒரே முறை. இரண்டு பங்கு அறிபவருக்கு, ஒரு பங்கு அறிவிப்பவருக்கு என்று நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். வடமொழியிலிருந்து வந்த இங்கிதமும் இங்கே நினைக்கத் தக்கது. மனத்தைக் காட்டிக்கொடுக்கும் மெய்ப்பாட்டைச் சுட்டிய அந்தச் சொல், தமிழுக்கு வந்தபின் நயத்தக்க நடத்தையாகிவிட்டது. வீட்டுக்காரர் மூன்றாம் முறை கடிகாரத்தைப் பார்த்தும் எழாமல் இருப்பவரைத்தானே 'இங்கிதம் தெரியாதவர்' என்கிறோம்?

இனிதான் வேடிக்கை. குறி என்றால் அடையாளம், அடையாளம் என்றால் கோடு, கோடு என்றால் எழுத்து. 'குறித்துக்கொள்' என்றால் எழுதிக்கொள் என்றாயிற்று. 1736 முதல் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்தது நாட்குறிப்பு. ரசத்துக்கு எத்தனை மிளகு என்பது சமையற்குறிப்பு. சொல்லாமல் உணர்த்துவதைச் சுட்டிய சொல், சொல்வதிலும் ஒரு படி மேலே போய், மையால் எழுதி வைப்பதைச் சுட்டத் தொடங்கிவிட்டது. 'குறிப்பாக' என்றால் மறைமுகமாக என்ற பொருள் தேய்ந்து, 'எல்லாவற்றையும்விட' என்று நிற்கிறது. அலுவலகத்தில் விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணையிலோ குறிப்பால் உணர்த்துவது எதுவும் கிடையாது. நாள், எண், பிரிவு எல்லாம் பச்சையாக இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் குறிப்பு என்றால் சாதகம். பிறந்த நேரத்தைக் குறித்து வைத்த தாள், அதனால் குறிப்பு. முற்றிலும் எழுத்து, முற்றிலும் வெளிப்படை. அங்கே பெண் வீட்டுக்குத் தரகர் வந்து, தேத்தண்ணீரை மெல்ல உறிஞ்சிவிட்டு, "குறிப்புப் பொருந்தேல்லையாம்" என்று சொல்லும்போது, தாயார் எந்தக் கிரகம் என்று கேட்பதில்லை. "சரி" என்று கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.