வாரிசுக்கு வரும் துப்பாக்கி

வீட்டுப் பெரியவர் இறந்தால் அவருடைய மனையும் நகையும் பிள்ளைகளுக்குப் போகின்றன. அவர் வைத்திருந்த துப்பாக்கியும் சொத்துதான். அதன் மதிப்பில் வாரிசுகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் அதை வீட்டில் வைத்துக்கொள்ளும் அனுமதி அவரோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை அதைப் புதிதாகக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பாளையங்களிலும் காவல் குடும்பங்களிலும் வேல், வாள், வளரி, துப்பாக்கி எல்லாம் யாரையும் கேட்காமல் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தன. 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சென்னைக் கோட்டையிலிருந்து ஆளுநர் எட்வர்டு கிளைவ் பாளையக்காரர் சீமைகளில் ஆயுதம் வைத்திருக்கத் தடை விதித்தார். தலைமுறையாகக் கைமாறிவந்த ஆயுதம் ஒரே அறிவிப்பில் குற்றப்பொருள் ஆனது.

லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878 ஆயுதச் சட்டம், உரிமம் பெறும் கட்டாயத்தை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. சொந்த மண்ணில் பிறந்தவரைச் சந்தேகத்துக்குரியவராக வைத்த சட்டம் என்பதால்தான் அது இத்தனை கசந்தது. 1887 டிசம்பரில் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில், பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, அந்தச் சட்டம் மக்கள்மீது வீண்பழி சுமத்துவதாகச் சொல்லி அதைத் திருத்தக் கோரியது. குடகர்களுக்கு மட்டும் ஆங்கிலேயர் காலத்திலேயே கிடைத்த விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019-இல் அது மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் 1959-இல் இயற்றப்பட்ட புதிய ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, உரிமம் உள்ளவர் தன் துப்பாக்கியைத் தம்பிக்கே கொடுப்பதானாலும் தம்பியிடம் முதலில் உரிமம் இருக்க வேண்டும். வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். 21 வயது நிரம்பாதவர் பெயருக்குப் பொதுவாக உரிமம் கிடையாது.

இறப்புக்குப் பிறகு செய்ய வேண்டியது வேறு. நொச்சிக்குப்பத்தை ஒட்டிய சாந்தோம் பக்கம் ஒரு வீட்டில் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி பீரோவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உப்புக்காற்றில் துரு ஏறாமலிருக்க அவர் மாதந்தோறும் எண்ணெய் போட்டுத் துடைத்துவந்த துப்பாக்கி அது. காரியம் முடிந்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்தாலும் அது வாரிசின் பொருள்தான்: உரிமம் வந்ததும் திரும்பப் பெறலாம், வேண்டாமென்றால் உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். விதித்த காலத்துக்குள் இரண்டும் செய்யாவிட்டால் அரசு எடுத்துக்கொள்ள முடியும். சென்னையில் உரிமம் வழங்கும் அதிகாரி போலீஸ் கமிஷனர். வாரிசுச் சான்றிதழோடு மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் விண்ணப்பத்துக்குத் தேவைப்படும். உடன்பிறந்தவர் மனத்தாங்கலில் இருந்தால் விஷயம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்தச் சங்கடத்தைப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே தீர்க்க 2016 ஆயுத விதிகள் வழி வைத்தன. 70 வயதானவரோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தவரோ தன் வாரிசுகளில் ஒருவரை நியமிக்கலாம். தகுதி இருந்தால் அவர் பெயருக்கு உரிமம் கிடைக்கும். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வாரிசாக வருவதும் அந்தக் கணக்கில் சேரும்.

சொத்து போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 1959 சட்டம் சொல்கிறது. கட்டுமரம் தள்ளிப் பிழைப்பவர் விண்ணப்பித்தாலும், பங்களாவாசி விண்ணப்பித்தாலும் அதிகாரி பார்க்க வேண்டிய தகுதி ஒன்றுதான். மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.