கேலியாகச் சூட்டிய பெயர்

பஞ்சத்துக்குத் தப்பி லிவர்பூல் துறைமுகத்தில் குடியேறிய ஐரிஷ் ஏழைகளின் சந்ததியார், தங்களுக்கென ஒரு பேராலயம் வேண்டுமென நெடுங்காலம் ஏங்கினர். லட்யன்ஸ் என்னும் கட்டிடக் கலைஞர் வரைந்த மாபெரும் ஆலயத்துக்கு 1933-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. போர் குறுக்கிட்டது, 30 லட்சம் பவுன் என்ற மதிப்பீடு 2 கோடியே 70 லட்சமாக ஏறிற்று. நிலவறைக் கோவிலோடு அத்திட்டம் நின்றுபோயிற்று.

பின்னர் அதனையடுத்து கிபர்டு என்பவர் கான்கிரீட்டில் வட்டமாக அமைத்த ஆலயம், 1967 மே 14-ல், பரிசுத்த ஆவியின் திருநாளன்று அர்ச்சிக்கப்பட்டது. நடுவில் பலிபீடம், சூழ்ந்து மக்கள். கூர்ங்கோபுரங்களைக் கண்டு பழகிய ஊரார் திகைத்தனர். சரிந்திறங்கும் கூரையைப் பார்த்து, 'ஐரிஷ்காரன் கூடாரம்' என்னும் பொருள்படக் கேலிப்பெயர் சூட்டினர். மழைநீரும் கசிந்தது, கேலி செய்தோருக்கு அது வசதியாயிற்று.

ஆயினும் மக்கள் அங்கே கூடிக்கொண்டேயிருந்தனர். 1982-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அங்குத் திருப்பலி நிறைவேற்றினார். நாளடைவில் அதே பெயரை லிவர்பூல் மக்கள் பாசத்தோடு சொல்லலாயினர்.

பாலைவனத்தில் ஆண்டவர் தம் மக்களோடு தங்கியதும் கூடாரத்தில்தானே! கோவிலைக் கோவிலாக்குவது உள்ளே கூடுவோரின் செபமே. நாம் இதை மனத்திற்கொள்வோமாக.