வெறும் மாத்திரை யாருக்கு?

புதிய மருந்து பயன் தருகிறதா என்பதை ஒப்பிட்டே அறிய முடியும். ஒரு பிரிவினருக்கு மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு அதைப்போன்றே தோன்றும் வெறும் மாத்திரையும் தருவார்கள்.

எச்.ஐ.வி. கிருமி தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றக்கூடும். அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வொன்றின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. வெறும் மாத்திரை பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 25.5 சதவீதத்தினருக்குத் தொற்று. ஜிடோவுடின் மருந்து பெற்றவர்களிடம் 8.3 சதவீதமே. அதுவரை தடுப்பு மருந்து ஏதும் இல்லாததால் அந்த ஒப்பீடு நியாயமானது.

ஆனால் அம்முறைக்குச் செலவு மிகுதி; பிரசவத்தின்போது மருந்தைச் சிரை வழியாகச் செலுத்தவும் வேண்டும். எனவே எளிய, குறுகிய கால முறையைத் தேடித் தாய்லாந்திலும் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றிலும் ஆய்வுகள் தொடங்கின. அவற்றுள் பலவற்றில் மீண்டும் வெறும் மாத்திரை!

காக்கும் மருந்து தெரிந்தபின் இது முறையாகுமா என்று 1997-இல் லூரி, உல்ஃப் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் கேட்டனர். 'அங்கே இத்தாய்மாருக்கு எம்மருந்தும் கிடைப்பதில்லை. இவ்வாறு ஒப்பிட்டால்தான் விடை விரைவில் கிடைக்கும்' என்றனர் ஆதரித்தோர்.

1998-இல் தாய்லாந்தில் விடை கிடைத்தது. தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 9.4 ஆகக் குறைந்தது. பெரும் பயன்தான். ஆயினும் அந்த வேறுபாடு, வெறும் மாத்திரை பெற்ற ஒவ்வொரு நூறு தாய்மாரிடமும் ஏறத்தாழ பத்துக் குழந்தைகள்.

வேறு வழி இல்லாமலில்லை. தாய்லாந்திலேயே மற்றோர் ஆய்வு நீண்ட முறையையும் குறுகிய முறைகளையும் மட்டுமே ஒப்பிட்டது. புதிய முறையை அப்போதுள்ள சிறந்த முறையுடன் ஒப்பிடவேண்டும் என 2000-இல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி அறிக்கையும் கூறியது. எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்பது கணக்கு மட்டுமன்று, அறமும்கூட.