மரத்துக்கு விலை, காகிதத்துக்கு எடை

1687-ஆம் ஆண்டில் சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டையால் திருமயத்தைப் பலரும் அறிவர். அதனைச் சூழ்ந்த இராயவரம், கடியாபட்டி, கோனாப்பட்டு முதலிய ஊர்களில் நகரத்தார் கட்டிய மாளிகைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. பூட்டியே கிடக்கும் அவ்வீடுகள் சில இன்று ஒன்றன்பின் ஒன்றாகக் காலி செய்யப்படுகின்றன.

வேலையாட்கள் முதலில் பாத்திரங்களையும் நிலைக்கண்ணாடிகளையும் வெளியேற்றுகின்றனர். பிறகு கதவுகளும் சன்னல்களும் கழற்றப்படுகின்றன. கூரை பிரிந்த பின் பர்மாத் தேக்குத் தூண்கள் இறக்கப்பட்டு, காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. எஞ்சுவது சுண்ணாம்புச் சுவர்கள் மட்டுமே.

இச்செல்வம் பர்மாவில் ஈட்டப்பட்டது. நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்த செட்டியார்களிடம், 1930-களின் பொருளாதார மந்தத்தில் அடைமான நிலங்கள் வந்து சேர்ந்தன. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் சுமார் 6 விழுக்காடு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-இல் அது 25 விழுக்காடாயிற்று. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. விடுதலைக்குப் பின் பர்மிய அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது. வருவாய் நின்றது, வாரிசுகளோ தலைமுறைதோறும் பெருகினர். ஒரு தூணைப் பலருக்குப் பங்கிட இயலாது. விற்ற பணத்தைப் பங்கிட இயலும்.

இவ்வாறு காலி செய்யும்போது மரத்துக்கு விலை பேசப்படுகிறது. பேரேடுகளும், ஐந்தொகைகளும், இரங்கூனிலிருந்து வந்த கடிதங்களும் பழைய காகிதமாக எடைக்குப் போய்விடுகின்றன. யார் யாருக்குக் கொடுத்தார், யார் திருப்பித் தந்தார் என்னும் செய்தி அக்கட்டுகளோடு அழிந்துபோகிறது.

இது பிறர் வீட்டுக் கதை என்று நாம் கடந்து செல்ல முடியாது. நம் முன்னோரும் இரங்கூனில் வணிகம் செய்தனர். அங்குள்ள சூலியா பள்ளிவாசலின் பெயரே அதற்குச் சான்று. 1942-இல் அனைத்தையும் விட்டு நடந்தே திரும்பியவர்களில் நம்மவர்களும் உண்டு. நம் பழைய வீடுகளின் பெட்டிகளிலும் அரபுத்தமிழ்க் கிதாபுகளும், கடன் சீட்டுகளும், வக்ஃபு பத்திரங்களும் இருக்கக்கூடும்.

இறந்தவரின் கடன் முதலில் தீர்க்கப்பட வேண்டும். பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்து. அதன் பின்னரே வாரிசுகளின் பங்கு. மார்க்கம் வகுத்த வரிசை இது. அந்தக் கடனும் அமானிதமும் பல வேளைகளில் ஒரு துண்டுக் காகிதத்தில் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் எடைக்குப் போட்டுவிட்டால், பங்கு பிரித்த கணக்கு சரியென்று நாம் எவ்வாறு சொல்ல முடியும்?

ஆகவே, பூர்வீக வீட்டைக் காலி செய்ய ஆள் அழைக்கும் முன் ஒரு நாளை அப்பெட்டிகளுக்கென ஒதுக்குவோம். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்வோம். தூண்களை அதன் பிறகு இறக்கலாம்.